ஐந்து பேர் ஏறினால் குனியும் கார்

காரைத் தாழ்த்த வேண்டும் என்று யாராவது வந்தால், காளப்பநாயக்கன்பட்டியில் எங்கள் பட்டறையை இப்போது நடத்துகிறவர்கள் எனக்குப் போன் போட்டுவிடுகிறார்கள். ஓய்வு பெற்றவன் மதியம் கண்ணயர முடிகிறதா? சட்டையை மாட்டிக்கொண்டு போனால், இணையத்தில் வாங்கிய சிவப்பு ஸ்பிரிங்குகளைப் பெட்டியோடு பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்பார். கார் தரையோடு தரையாக இருக்க வேண்டும், பார்க்க ஜோராக இருக்க வேண்டும் என்பார். நான் ஒன்றே ஒன்று கேட்பேன்: "உங்க ஊட்டுல எத்தனை பேருங்க?"

பெண் பார்க்க வந்தவனிடம் சம்பளச் சீட்டைக் கேட்டதுபோல அவர் முகம் மாறும். கிழவனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பட்டறைக்காரர்களைத் திரும்பிப் பார்ப்பார். அது என் கேள்வியே அல்ல, எங்கள் முதலாளி கரீம் பாயின் கேள்வி. அதை ஏன் இன்னும் விடாமல் கேட்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டால், வருகிறவர்களிடம் அதைக் காட்டிவிட்டு என்னைத் தூங்க விடுவதாகப் பட்டறையில் வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் தொழில் கற்ற கதையில் விசேஷமில்லை. எங்களுடையது லாரிக்குப் பட்டை கட்டும் பட்டறை. சக்கரத்துக்கு மேலே அடுக்கடுக்காக இருக்குமே, வளைந்த இரும்புப் பட்டைகள், அவைதான் எங்களுக்குச் சோறு போட்டன. துருவைத் துடைத்தேன், சம்மட்டி பிடித்தேன், விரலை நசுக்கிக்கொண்டேன், மேஸ்திரி ஆனேன். கடைசிப் பத்துப் பதினைந்து வருடங்களில் கார்களும் வரத் தொடங்கின. பட்டைக்குப் பதில் சுருள் ஸ்பிரிங். வேலை மாறியதே தவிர பாய் மாறவில்லை.

லாரியைச் சுமையோடுதான் அளக்க வேண்டும் என்பது பாயின் சட்டம். காலி லாரி எவ்வளவு உயரம் நின்றால் யாருக்கு என்ன? அதே சட்டத்தைக் காருக்கும் போட்டார். காருக்குச் சுமை குடும்பம். ஆகவே ஸ்பிரிங் மாற்ற வருகிறவர்கள் குடும்பத்தோடு வர வேண்டும். எல்லோரையும் உள்ளே உட்கார வைத்துவிட்டு, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல்களை விட்டுப் பார்ப்பார். கடைசி முறுக்கும் அப்படித்தான். ஸ்பிரிங்கைப் பூட்டி, காரைத் தரையில் இறக்கி, ஆட்கள் ஏறி உட்கார்ந்த பிறகே கீழே உள்ள போல்ட்டுகளை இறுக்க விடுவார். கார் தூக்கில் தொங்கும்போது இறுக்கினால், இறங்கி நிற்கும்போது உள்ளே இருக்கிற ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். நான் குழிக்குள் படுத்து ஸ்பானரைத் திருப்ப, தலைக்கு மேலே ஒரு குடும்பம் முறுக்கு தின்றுகொண்டிருக்கும்.

ஒருமுறை சேந்தமங்கலத்துக்காரர் ஒருவர் மனைவியும் இரண்டு பிள்ளைகளுமாக வந்தார். "அவ்வளவுதானுங்களா?" என்றார் பாய்.

"எங்கம்மாவும் வருவாங்க" என்றார் மனைவி.

"எப்பவாச்சும்" என்றார் கணவர்.

"எப்பவாச்சும் வாரவங்கதானுங்க ஸ்பிரிங்க ஒடைக்கிறது. கூட்டிட்டு வாங்க."

மாமியார் பஸ் ஏறி வந்து சேர்ந்தார். அவர் உட்கார்ந்ததும் காரின் பின்பக்கம் பெருமூச்சு விட்டு அமர்ந்தது. பாய் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், அந்த அம்மாவுக்கு மட்டும் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ சொன்னார். "ஏனுங்க, எம்மேல ஏதாச்சும் குத்தமுங்களா?" என்று அந்த அம்மா கேட்க, "உங்க மேல என்னங்க குத்தம், கம்பெனிக்காரன் ஸ்பிரிங் மேலதானுங்க குத்தம்" என்றார். மருமகன் ரேடியேட்டர் பக்கம் போய் நின்று சிரித்துவிட்டு வந்தார்.

பாயைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவருக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். சாதாரணமாக "ஏப்பா மாணிக்கம்" என்பவர், என்றைக்கு "வாங்க மாணிக்கம், உக்காருங்க" என்கிறாரோ, அன்றைக்கு நான் ஏதோ போல்ட்டை விட்டுவிட்டேன் என்று அர்த்தம். அவர் மரியாதைக்கு நாங்கள் நடுங்குவோம்.

இப்படி இருந்தபோதுதான் கொல்லிமலையிலிருந்து ராசு வந்தான். அங்கே குண்டனி நாடு என்கிற பகுதியில் மிளகும் மரவள்ளியும் போடுகிற குடும்பம். அவன் பழைய சிறிய கார் ஒன்றை வாங்கியிருந்தான். கையில் ஒரு மூங்கில் குச்சி. அதன் இரண்டு முனையிலும் மஞ்சள் நூல் சுற்றியிருந்தது.

"இந்தக் குச்சி ஒசரத்துக்குள்ள காரு அடங்கணுமுங்க" என்றான்.

குச்சியைக் காருக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தோம். கூரை மூன்று விரல் அதிகமாக இருந்தது.

அவன் சொன்ன விஷயம் இது. அவர்கள் ஊருக்குள் நுழையும் இடத்தில் இரண்டு கல் தூண்கள், அதன்மேல் குறுக்கே ஒரு பலா உத்தரம். குனிமரம் என்று பெயர். சாமிக்குக் கட்டுப்பட்டவர் யாரானாலும் தலை குனிந்துதான் ஊருக்குள் நுழைய வேண்டும் என்று வேண்டுமென்றே தாழ்வாக வைத்த மரம். பைக்கில் போகிறவர்களும் குனிந்துதான் போவார்கள். இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. குனிமரத்துக்குக் கீழே உயிரோடு இருக்கிறவரைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. தூக்கிப் போவது பிணத்தை மட்டும்தான். ஒருவரைத் தூக்கிப் போனால், ஊர்க் கணக்கில் அவர் அன்றைக்கே செத்தவர்.

ராசுவின் அப்பா வெள்ளையன் மிளகு பறிக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்துவிட்டார். ஆபரேஷன் செய்து உள்ளே கம்பி வைத்திருந்தார்கள். அவரால் நடக்கவும் முடியாது, குனியவும் முடியாது. அதனால் மலை ஏற வழியில்லாமல், எங்கள் ஊரில் மகள் வீட்டில் கிடந்தார். ஊருக்குக் கூட்டிப் போ, என் ஊட்டுல என்னை உடு என்று தினமும் அழுகிறாராம். நல்ல தாட்டியான, கனத்த உடம்புக்காரர், அழுதால் தெருவுக்கே கேட்குமாம்.

பாய்க்கு எதையும் நேராகக் கேட்டுவிட வேண்டும். "சக்கர நாற்காலி?"

"பின்னால ஒருத்தன் தள்ளுனா அதுவும் தூக்கறதுதான்னு ஊர்க்கவுண்டர் சொல்லிட்டாருங்க." ஊர்த் தலைவரை அங்கே ஊர்க்கவுண்டர் என்பார்கள். "காருன்னா அதுவா போகுது, உக்காந்துதான போறாரு, அது தூக்கறதில்லைன்னு ஒத்துக்கிட்டாருங்க. ஆனா காரும் குனிஞ்சுதான் வரணுமாம்."

"மரத்தக் கொஞ்சம் ஏத்தி வெக்கறது?"

"சாமி குத்தமுங்க."

"கீழ தோண்டறது?"

"கீழ முழுப் பாறைங்க. அதுமேலதான் வருசா வருசம் பொங்கப்பானை வெக்கறோம்."

"சுத்திக்கிட்டுப் போறது?"

"ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளமுங்க."

"டயர்ல காத்தப் புடுங்கறது?"

"புடுங்கிப் பாத்தமுங்க. அந்தக் கல்லு ரெண்டு டயரக் கிழிச்சிருச்சு."

"வேற காரு வாங்கறது?"

"மிளகு தீந்துபோச்சுங்க."

அப்போது பட்டறையில் இருந்த ஒரு லாரி டிரைவர், ஸ்பிரிங்கை கேஸ் நெருப்பில் காய்ச்சினால் தானாக உட்கார்ந்துவிடும் என்று யோசனை சொன்னார். பாய் அவரைத் திரும்பிப் பார்த்தார். "வாங்க, உக்காருங்க. நீங்க சூடு வெச்சுக் குடுங்க. மலையில எழுவது வளைவும் நீங்களே ஓட்டிட்டுப் போங்க. நாங்க கீழ நின்னு கும்பிட்டுக்கறோம்" என்றார். டிரைவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

கட்டையான சிவப்பு ஸ்பிரிங்குகளை வரவழைத்தோம். முன்சக்கரத்தைக் கழற்றி, பிரேக் குழாயை விடுவித்து, ஷாக்கப்சரோடு ஸ்பிரிங்கை வெளியே எடுத்தேன். ஸ்பிரிங்கை ஒடுக்கும் கிளாம்புகள் இரண்டையும் எதிரெதிரே மாட்டி, இதில் ஒரு சுற்று அதில் ஒரு சுற்று என்று சமமாக இறுக்க வேண்டும். ஒரு பக்கம் அவசரப்பட்டால் ஸ்பிரிங் துள்ளி முகத்தில் பாயும். மேல் நட்டைக் கழற்றிப் பழையதை எடுத்துப் புதியதை வைத்தேன். ஸ்பிரிங்கின் வால் அதற்கான பள்ளத்தில் சரியாக உட்கார்ந்ததா என்று பாய் விரலால் தடவிப் பார்த்த பிறகே நட்டைப் பூட்ட விட்டார். நான்கு பக்கமும் முடித்து இறக்கினோம். கூரையிலிருந்த ஆன்டெனாவையும் கழற்றினோம். கார் இரண்டு விரல் இறங்கியிருந்தது. இன்னும் ஒரு விரல் வேண்டும்.

அதற்கு மேல் இறக்கினால் மலைப்பாதையில் என்ஜினின் அடிவயிறு, எண்ணெய் நிற்கும் சேம்பர், உடைந்துவிடும். பாய் குச்சியை இன்னொரு முறை நிறுத்திப் பார்த்தார். பிறகு, "மீதி ஒரு விரல ஆளு போட்டு எறக்கலாம். உங்கப்பனக் கொண்டா, அக்காளக் கொண்டா, மச்சானக் கொண்டா" என்றார்.

பட்டறையிலேயே குழாய்களை நட்டு, குச்சி உயரத்துக்குக் குறுக்கே ஒரு குழாயைக் கட்டி, போலிக் குனிமரம் ஒன்று செய்தோம். வெள்ளையன் முன்சீட்டில் சாய்ந்து படுத்தார். ராசு ஓட்ட, பின்னால் அக்கா, மச்சான், நான். ஐந்து பேர். கூரையில் பாய் தன் ஈரத் துண்டை விரித்தார். துண்டை மரம் இழுக்காவிட்டால் கார் தப்பியது என்று கணக்கு. பாதித் தெரு கூடி நிற்க, கார் உள்ளே போய் வெளியே வந்தது. துண்டு அப்படியே இருந்தது. வெள்ளையன் அந்த ஓட்டைக் குழாயைப் பார்த்துக் கைகூப்பி, கண்ணீர் விட்டார். 

மலை ஏறிய கதையைக் கேட்டால் சிரிப்பீர்கள். மலையடிவாரத்துக் காரவள்ளியைத் தாண்டியதும் வளைவுகள் தொடங்கின. ஐந்து பேரோடு கார் மேடுபள்ளத்தில் அடி தட்டியது. ஆக, மேடு வந்தால் நாங்கள் மூவரும் இறங்கி நடக்க வேண்டும், கார் நிமிரும், மேட்டைத் தாண்டும், பிறகு ஏறிக்கொள்ள வேண்டும். பின்னால் வந்த பஸ் கண்டக்டர் தலையை நீட்டி, "ஏனுங்க, வண்டி ரிப்பேருங்களா?" என்றார்.

"இல்லீங்க, நல்லா இருக்குதுங்க" என்றேன் மூச்சிரைக்க.

"அப்பறம் ஏனுங்க நடக்கறீங்க?"

இதற்கு நின்று பதில் சொல்லியிருந்தால் பஸ்ஸும் நின்றிருக்கும். கையை ஆட்டி அனுப்பிவிட்டேன்.

குனிமரத்தடியில் ஊரே நின்றது. ஊர்க்கவுண்டர் முன்னால் நின்றார். பெரிய உடம்பு, பெரிய மீசை. குனிமரத்தின் கீழே நடந்து மட்டுமே போவேன், எந்த வண்டியிலும் ஏறிப் போகமாட்டேன் என்று இருந்தவர். ஐவரும் ஏறினோம், துண்டை விரித்தோம், ராசு அங்குலம் அங்குலமாக நகர்த்தினான். மரம் துண்டைத் தொட்டு ஒரு சுருக்கம் விழவைத்தது, ஆனால் இழுக்கவில்லை. ஊர்க்கவுண்டர் துண்டைத் தடவிப் பார்த்து, "குனிஞ்சுதான் வந்திருக்குது" என்று தீர்ப்புச் சொன்னார். பெண்கள் குலவையிட்டார்கள். வெள்ளையனை அவர் வீட்டுக் கட்டிலில் படுக்க வைத்தோம். அவர் கூரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், "இனி என்னைக் கீழ கூப்புடாதீங்க" என்றார்.

சோறு தின்றுவிட்டு நானும் ராசுவும் மட்டும் காரை வெளியே எடுத்தோம். குனிமரத்தில் கூரை கரகரவென்று உரசி நின்றது.

ஊர்க்கவுண்டர் இடுப்பில் கை வைத்தார். "என்னடா, வாரப்பக் குனிஞ்சுது, போறப்ப நிமுந்துக்கிச்சு?"

எங்களில் ஒருவருக்கும், பாய்க்கும்கூட, திரும்பி வருகிற நினைப்பே இல்லை. சுமையோடு ஏறுகிற லாரியையே பார்த்துப் பழகியவர்கள் நாங்கள். போனில் சிக்னல் கிடைக்கும் பாறைமேல் ஏறி நின்று பாயைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன். "நீங்க உள்ள போறதுக்குத்தானுங்களே கேட்டீங்க, மாணிக்கம்?" என்றார். மரியாதை கூடிவிட்டதால் போனை வைத்துவிட்டேன். சந்தைக்குப் போக நின்ற கனத்த ஆட்கள் மூன்று பேரை உள்ளே திணித்து வெளியே வந்தோம்.

அன்றிலிருந்து அந்தக் காரின் விதி அதுதான். ஐந்து பேர் இல்லாமல் ஊரைவிட்டு வராது, ஐந்து பேர் இல்லாமல் ஊருக்குள் போகாது. ராசு தனியாக எங்கும் போக முடியவில்லை. மாமனார் ஊருக்கு விருந்துக்குப் போனால்கூட மூன்று பேர் தெரியாதவர்கள் பந்தியில் உட்கார்ந்தார்கள். வெள்ளையன் முனகிக்கொண்டே, ஆஸ்பத்திரியில் இடுப்பைக் காட்ட எப்போதாவது அதே ஐவரில் ஒருவராகக் கீழே வருவார். அக்காவும் மச்சானும் அதற்காகவே பஸ் ஏறி மேலே போவார்கள். ஐந்தாவது ஆள் நான். என் எடைக்கு அந்தக் காரில் ஒரு உத்தியோகம் இருந்தது.

அடுத்த மழைக்காலம் முடிந்த சமயம் ராசு போன் செய்தான். "மேஸ்திரி, ஸ்பிரிங் தூக்கிக்கிச்சுங்க. ஆஸ்பத்திரிக்குக் கெளம்பலாம்னு ஒங்களுக்குப் பதிலா எம்பொண்டாட்டிய உக்கார வெச்சுப் பாத்தேன். மரம் இடிக்குதுங்க."

"உம்பொண்டாட்டி எடை கொறச்சலா இருக்கும்" என்றேன். "நான் வாரேன்."

போனேன். நானே ஏறி உட்கார்ந்தேன். அப்போதும் இடித்தது. எனக்குக் கோபம் வந்தது. சுருள் ஸ்பிரிங் நாளாக ஆகத் தொய்யும், ஒருநாளும் வளராது. எல்லோரையும் இறக்கிவிட்டுக் காலிக் காரை நான்கு பக்கமும் விரலால் அளந்தேன். மாட்டிய அன்றைக்கு இருந்த அதே உயரம். டயரில் காற்றுச் சரி. போல்ட் சரி. மறுபடி ஐந்து பேர் ஏறினோம். மறுபடி துண்டை மரம் இழுத்துப் போட்டது.

பாறைமேல் ஏறி பாயைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் கேட்டார். "வண்டி மாறலீல்ல?"

"மாறலீங்க பாய்."

"அப்பறம் வண்டிய ஏப்பா பாத்துக்கிட்டிருக்கற? ஏறுன ஆளப் பாரு."

திரும்பி வந்து என் இடத்தில் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். முன்சீட்டில் வெள்ளையன் படுத்திருந்தார். மலைக் குளிருக்கு ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டராகப் போட்டு, மேலே கம்பளியும் போர்த்தியிருந்தார். கம்பளியை விலக்கி அவர் கையைப் பிடித்தேன். என் விரல்கள் அவர் மணிக்கட்டைச் சுற்றி வந்து ஒன்றோடொன்று தொட்டன.  தினமும் பார்க்கிற மகனுக்கும் மருமகளுக்கும் கம்பளிதான் தெரிந்திருக்கிறது.

"ஏனுங்க, சாப்புடறீங்களா இல்லீங்களா?" என்றேன்.

அவர் வேறு பக்கம் திரும்பினார். "வவுறு எரியுது சாமி. தின்னா நோவுது. தட்டத்துச் சோத்த நாய்க்குப் போட்டுருவேன்."

"ஏம்ப்பா சொல்லல?" ராசு கத்தினான்.

"சொன்னா கீழ கொண்டு போயிருவீங்களே. படுக்க வெச்சுருவாங்க. அப்பறம் நான் எப்பிடித் திரும்பி வாரது? தூக்கிக்கிட்டுத்தான் வருவீங்க."

 மலையில் பிறந்த அந்த ஆள், பிணமாகத் திரும்பக் கூடாது என்பதற்காகப் பட்டினி கிடந்து பிணமாகிக்கொண்டிருந்தார். அவரை அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். கார் மரத்துக்கு இந்தப் பக்கம், ஊருக்குள் நிற்கிறது. அவரைத் தூக்கி அந்தப் பக்கம் கொண்டுபோனால் ஊர்க் கணக்கில் செத்தவர். ராசு பைத்தியம் பிடித்தவன்போல காரில் எடைக்கு ஏற்ற மரவள்ளி மூட்டையைத் தேடி ஓடினான்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஊர்க்கவுண்டர் வந்தார். காரைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், மீசையைத் தடவினார். அந்த மனிதர் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது. என் பக்கக் கதவைத் திறந்தார். "மேஸ்திரி, எறங்குங்க. நீங்க பத்தமாட்டீங்க."

"கவுண்டரே, நீங்க வண்டியில..." என்று யாரோ இழுத்தார்கள்.

"உள்ள உக்காந்து நான் குனிஞ்சுக்கறேன். உனக்கென்னடா?" என்று சொல்லி ஏறி உட்கார்ந்தார். சேந்தமங்கலத்து மாமியாரை அந்த நொடியில் நினைத்துக்கொண்டேன். கார் பெருமூச்சு விட்டு அமர்ந்தது. ராசு ஓடி வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தான், துண்டைக்கூட விரிக்கவில்லை. மரத்தடியில் கார் சத்தமில்லாமல் போனது, உள்ளே அவர் முழங்காலில் முகத்தைப் புதைத்துக் குனிந்துகொண்டார்.

வெளியே வந்ததும் அவர் இறங்கிக்கொள்வார் என்று நான் ஓடிப் போனேன். இறங்கவில்லை. "திரும்பி வாரப்பவும் எடை வேணுமில்ல" என்றார். நான் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தேன். எழுபது வளைவிலும் அடி தட்டுகிற இடத்திலெல்லாம் ஊர்க்கவுண்டர் இறங்கி நடந்தாராம்.

இடுப்பு வலிக்குக் கொடுத்த மாத்திரைகளை வெறும் வயிற்றில் விழுங்கி விழுங்கி, வயிற்றில் புண் வந்திருந்தது. இன்னும் தாமதித்திருந்தால் புண் ஓட்டையாகியிருக்கும் என்றார் டாக்டர். படுக்க வைத்தார்கள், மருந்து கொடுத்தார்கள், கஞ்சி கொடுத்தார்கள். பிறகு மகள் வீட்டில் வைத்து ஊட்டினார்கள். பாய் தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இன்னிக்கு ரெண்டு இட்லி" என்று எனக்குச் செய்தி சொல்வார். ஒரு மனிதன் தின்ற இட்லியைக் கேட்டு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

அவர் ஊர் திரும்பிய நாளில் ஊர்க்கவுண்டர் மலையிறங்கி வந்து, கேட்காமலே காரில் என் இடத்தில் உட்கார்ந்துகொண்டார். எனக்கு உத்தியோகம் போய்விட்டது. வேடிக்கை பார்க்க பஸ்ஸில் முன்னாலேயே போய்க் குனிமரத்தடியில் நின்றேன். கார் வந்து நின்றது. முன்சீட்டிலிருந்து வெள்ளையனின் குரல் கேட்டது. முன்பு தெருவுக்கே கேட்ட அந்தக் குரல்தான்.

"கவுண்டர எறக்கி உடுங்க. மேஸ்திரி ஏறட்டும். பழைய அஞ்சு பேரே போதும்."

"பத்தாது, இடிக்கும்" என்றார் ஊர்க்கவுண்டர்.

"எறங்குங்கறேன்."

ஊர்க்கவுண்டர் முனகிக்கொண்டே இறங்கினார், நான் ஏறினேன். பாய் கொடுத்தனுப்பிய துண்டை நனைத்துக் கூரையில் விரித்தார்கள். ராசு அங்குலம் அங்குலமாக நகர்த்தினான். மரம் தலைக்கு மேலே போனதை நிழலில்தான் தெரிந்துகொண்டேன். அந்தப் பக்கம் போய் நின்று இறங்கிப் பார்த்தேன். துண்டில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. வெள்ளையன் முன்சீட்டில் படுத்தபடியே சத்தம் போட்டுச் சிரித்தார். ஊர்க்கவுண்டர் தலையைக் குனிந்து மரத்தைக் கடந்து எங்களுக்குப் பின்னால் நடந்து வந்தார்.